வியன்னாவில் ஒரு நாள்: ஷோன்புருனா, பெல்வெடேரா?

வியன்னாவில் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது, ஒரு பரோக் (17, 18ஆம் நூற்றாண்டுகளின் பகட்டான ஐரோப்பியக் கட்டடப் பாணி) அரண்மனையைத் தோட்டத்தோடு நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று கேட்டால், பெரும்பாலோர் ஷோன்புருனைத்தான் சொல்வார்கள். நான் பெல்வெடேர் என்பேன்.

ஷோன்புருன், ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் பேரரசர்களின் கோடைக்கால வீடு. மொத்தம் 1,441 அறைகள். நாம் பார்ப்பது அதில் சின்னப் பகுதிதான், அதுவே கால் கடுக்க வைத்துவிடும். வெளியே பரோக் என்றாலும், 18ஆம் நூற்றாண்டின் நடுவில் ஹாப்ஸ்பர்க் அரசி மரியா தெரேசா உள்ளே நிறைய மாற்றிவிட்டார். அதனால் அறைகளில் வளைவும் சுருளுமான மென்மையான ரொக்கோகோ அலங்காரமே கண்ணில் படும். 1762இல் ஆறு வயது மோட்சார்ட் வாசித்தது இங்குள்ள கண்ணாடி அறையில் என்பார்கள். ஆனால் என்னை நிறுத்திவைத்தது வேறு: 68 ஆண்டுகள் ஆண்ட பேரரசர் பிரான்ஸ் ஜோசப்பின் படுக்கை. சாதாரண இரும்புக் கட்டில். 1916இல் அவர் இறந்தது இந்த அரண்மனையில்தான். இத்தனை பொன்பூச்சுக்கு நடுவே அந்தக் கட்டிலைப் பார்த்தால் மனம் என்னவோ செய்கிறது.

பெல்வெடேர் பேரரசருக்காகக் கட்டியதல்ல. துருக்கியப் போர்களில் வென்று பேர் வாங்கிய தளபதி, சவோய் இளவரசர் யூஜினுக்காக ஹில்டெபிராண்ட் என்ற ஒரே கட்டடக் கலைஞர் எழுப்பியது. கீழ் அரண்மனை 1716இல் முடிந்தது, மேல் அரண்மனை 1723இல். ஒரே கை வேலை என்பது உள்ளே நுழைந்ததுமே தெரியும். மேல் அரண்மனையின் கீழ்த்தளத்தில் நான்கு கல் மனிதர்கள் கூரையைத் தோளில் தாங்கி நிற்கிறார்கள். தசைநார் புடைத்துக் கிடப்பதைப் பார்த்தால், நாமும் கை கொடுக்கலாமா என்று தோன்றும். மாடியில் ஆஸ்திரிய ஓவியர் கிளிம்ட்டின் ‘முத்தம்’ ஓவியம் இருக்கிறது, கூட்டம் அங்கேதான். அதே தளத்துப் பளிங்கு மண்டபத்தில்தான் 1955 மே 15 அன்று ஆஸ்திரியாவுக்கு மறுபடி சுதந்திரம் தந்த ஒப்பந்தம் கையெழுத்தானது.

சரி, தோட்டம். இரண்டிலும் முக்கியத் தோட்டத்துக்குக் கட்டணம் இல்லை. ஷோன்புருனில் சுவர் மாதிரி வெட்டிய மரங்கள், சமதளப் பூப்பாத்திகள், நெப்டியூன் நீரூற்று, அப்புறம் குன்றின் மேல் 1775இல் கட்டிய க்ளோரியெட் மண்டபம். பிரம்மாண்டம்தான், ஆனால் ஒரே பார்வையில் அடங்காது. பெல்வெடேர் தோட்டம் சின்னது. பிரான்சின் வெர்சாய் அரண்மனையில் தொழில் கற்ற தோட்டக் கலைஞர் ஜிரார் அதைச் சரிவில் படிப்படியாக இறக்கியிருக்கிறார். நடுவில் தண்ணீர் அடுக்கடுக்காக விழுகிறது. ஓரங்களில் பெண் முகமும் சிங்க உடலும் கொண்ட ஸ்பிங்க்ஸ் சிலைகள். மேலே நின்றால் இடப்பக்கம் கார்ல்ஸ்கிர்ஷே தேவாலயத்தின் குவிமாடம், நடுவில் புனித ஸ்தேவான் பேராலயக் கோபுரம். தோட்டமே நகரத்தை எடுத்துக் காட்டுகிறது! இந்தக் காட்சியை மறைக்கும் உயரக் கட்டடங்கள் வரக் கூடாது என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. உயரக் கட்டடத் திட்டம் ஒன்றால்தான் யுனெஸ்கோ 2017இல் வியன்னாவின் பழைய நகரத்தை ஆபத்திலுள்ள பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

குழந்தைகள் கூட வந்தால் மட்டும் என் தீர்ப்பு மாறும். ஷோன்புருன் வளாகத்தில் 1752 முதல் இயங்கும் உயிரியல் பூங்காவும் புதிர்ப்பாதையும் இருக்கின்றன. பெல்வெடேரில் அவர்கள் அரை மணியில் சலித்துப்போவார்கள்.

இரண்டையும் விட மனமில்லையென்றால், காலையில் பெல்வெடேர் திறந்தவுடன் உள்ளே போய்விடுங்கள். ஷோன்புருன் அறைகளை விட்டுவிட்டு, மாலையில் நேராக க்ளோரியெட் குன்றுக்கு ஏறுங்கள்.