கேன்சாட்டா, கியூப்சாட்டா?

சிஸ்டம்ஸ் எஞ்சினியரிங்கை, அதாவது பல பாகங்களை ஒரே அமைப்பாகத் திட்டமிட்டு இணைக்கும் முறையை, வெறும் பாடமாக நடத்தினால் படம் வரைவதோடு நின்றுவிடும். எதையாவது செய்து பறக்கவிட வேண்டும். நிபோங் திபாலில் விண்வெளிப் பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு கியூப்சாட் என்ற குட்டிச் செயற்கைக்கோளா, கேன்சாட் என்ற பயிற்சிக்கான மாதிரிச் செயற்கைக்கோளா, எது ஏற்றது?

கியூப்சாட்டின் ஈர்ப்பு பெரியது. 1999இல் அமெரிக்காவின் கால் பாலி, ஸ்டான்போர்டு பல்கலைக்கழகங்கள் வகுத்த 10 செ.மீ. கனசதுரம் அது. 2018இல் ஜப்பானின் பேர்ட்ஸ்-2 திட்டம் வழியாக மலேசியாவின் யுஐடிஎம் பல்கலைக்கழகத்தின் கியூப்சாட்டான யுஐடிஎம்சாட்-1 விண்வெளி நிலையத்திலிருந்து சுற்றுப்பாதைக்குப் போனது. அதிர்வு, வெற்றிடச் சோதனை, அலைவரிசை அனுமதி என நிஜ உலகமே அதில் உண்டு. ஆனால் வேலை ஆண்டுக்கணக்கில் இழுக்கும். தொடங்கியவர் பட்டம் வாங்கிப் போய்விடுவார், முடிப்பவர் வேறொருவர். ஆவணம் எழுதும் ஒழுக்கம் அப்படித்தான் வரும் என்பதும் உண்மை.

கேன்சாட் ஒரு பான டின் அளவுதான். தேவைகளை எழுதுவது முதல் உயரத்திலிருந்து பாராசூட்டில் இறக்கித் தரவை ஆராய்வது வரை ஒரே செமஸ்டரில் முடியும். காற்றில் நகர்ந்து செம்பனைத் தோட்டத்துக்குள் விழுந்தால் தேடுவது தனி வேலை, சரி.

என் ஓட்டு கேன்சாட்டுக்கே. முழுச் சுழற்சியையும் ஒரே மாணவர் பார்க்கிறார். அதன் பலவீனம் வேறு: நான்கு நண்பர்கள் ஒரே மேசையில் பேசியே முடித்துவிடுவார்கள், எதையும் எழுத மாட்டார்கள். அதனால் மின்சாரம், ரேடியோ, சென்சார் என்று குழுக்களைப் பிரித்து, பாகங்கள் ஒன்றோடொன்று சேரும் இணைப்பு விவரங்களைத் தாளில் மட்டும் பரிமாறச் சொல்லலாம். அப்புறம் பாதி வழியில் 20 கிராம் எடையைக் குறைக்கச் சொல்லுங்கள்; எழுதி வைத்தது கைகொடுக்கிறதா என்று அப்போது தெரியும்.