மொத்தப் படிவமா, தனிச் சீட்டா, ஆப்பா, வாட்ஸ்அப்பா: சைல்ட்மைண்டருக்கு எது சரிவரும்?

வீட்டில் பிள்ளை பார்க்கும் சைல்ட்மைண்டர்கள் அனுமதிப் படிவங்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பேச்சு நேராக ‘பேப்பரா, ஆப்பா’ என்பதற்குப் போய்விடும். எனக்கு அது இரண்டாவது கேள்வி. பெற்றோர் கொடுக்கும் சம்மதம் எத்தனை நாளுக்குச் செல்லும் என்பதை முதலில் பார்க்க வேண்டும். அது தெரிந்துவிட்டால் எதில் வாங்குவது என்பதில் பாதி முடிவாகிவிடும். இங்கே எழுதுவது இங்கிலாந்து நடைமுறை. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்கு விதிகள் தனி.

சேரும்போதே ஒரே படிவம்

பார்க், நூலகம், பள்ளிக்கு நடந்து போய் வருவது, காரில் கூட்டிப்போவது, சன் கிரீம் பூசுவது, அவசர சிகிச்சை, படம் எடுப்பது என எல்லாவற்றையும் ஒரே தாளில் போட்டு, கீழே ஒரு கையெழுத்து வாங்கிவிடுவது. பெற்றோருக்குப் பிடித்த வழி இதுதான். தினமும் நடக்கும் காரியங்களுக்கு இதுவே சரி. நூலகம் போகும் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் சீட்டு நீட்டுகிறவரைப் பார்த்துப் பெற்றோர் சிரிப்பார்கள்.

இது உடைகிற முதல் இடம் மருந்து. இ.ஒய்.எஃப்.எஸ். (சிறு பிள்ளைகளைப் பார்ப்பவர்களுக்கு இங்கிலாந்து அரசு வைத்திருக்கும் கட்டாய விதித்தொகுப்பு) விதியின்படி, கொடுக்கப்போகும் அந்தக் குறிப்பிட்ட மருந்துக்கே பெற்றோரின் எழுத்து அனுமதி வேண்டும். டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துக்கும் கடையில் வாங்கிய கால்பாலுக்கும் (பிள்ளைகளுக்கான பாராசிட்டமால் சிரப்) இதே விதிதான். ‘தேவைப்பட்டால் மருந்து கொடுக்கலாம்’ என்று பொதுப் படிவத்தில் இருக்கும் வரியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

இரண்டாவது, படங்கள். பிள்ளையின் முன்னேற்றத்தை அதன் பெற்றோருக்குக் காட்ட எடுக்கும் படம் வேறு, உங்கள் ஃபேஸ்புக் பக்கத்தில் விளம்பரத்துக்குப் போடும் படம் வேறு. ஜிடிபிஆர் என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி சம்மதம் தனித்தனியாகக் கேட்கப்பட வேண்டும். கொடுத்தது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும். கட்டத்தில் முன்கூட்டியே டிக் போட்டு நீட்டுவதும் கூடாது. அதனால் ஒரே படிவம்தான் வேண்டுமென்றால், ஒவ்வொரு வரிக்கும் எதிரே ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டு வெற்றுக் கட்டங்களாவது வையுங்கள். படத்துக்குத் தனித் தாள் இன்னும் நல்லது. பெற்றோர் மனம் மாறினால் அந்தத் தாளை மட்டும் மாற்றினால் போதும்.

ஒவ்வொன்றுக்கும் தனிச் சீட்டு

மருந்துக்கு இதை மிஞ்ச எதுவும் இல்லை. பிள்ளையின் பெயர், லேபிளில் உள்ளபடி மருந்தின் பெயர், அளவு, நேரம், காரணம், கையெழுத்து, தேதி. இவற்றோடு பல படிவங்களில் விட்டுப்போகும் ஒரு வரியைக் கட்டாயம் சேர்க்க வேண்டும்: ‘வீட்டில் கடைசியாகக் கொடுத்த நேரம்’. பாராசிட்டமால் இரண்டு வேளைக்கு இடையே குறைந்தது 4 மணி நேரம் வேண்டும், 24 மணி நேரத்தில் 4 வேளைக்கு மேல் போகக்கூடாது. காலை 7 மணிக்கு அம்மா கொடுத்துவிட்டு வந்தது உங்களுக்குத் தெரியாவிட்டால் இந்தக் கணக்கை யார் பார்ப்பது? கொடுத்த ஒவ்வொரு வேளையையும் எழுதி, அன்றைக்கே பெற்றோருக்குச் சொல்வதும் விதிதான். ஆஸ்பிரின் கலந்த மருந்து என்றால் டாக்டர் எழுதிக் கொடுக்காமல் தொடவே கூடாது.

குறை, வாசலில் நடக்கும் அவசரம். வேலைக்கு ஓடுகிறவரை நிறுத்தி எழுத வைப்பது சங்கடம்தான். கிளிப்போர்டில் பேனாவோடு கதவருகே மாட்டி வைத்தால் பாதி சங்கடம் போகும். ரயிலில் விலங்குக் காட்சிச் சாலை போவது போன்ற பெரிய பயணத்துக்கும் நான் தனிச் சீட்டே வாங்குவேன்.

ஆப்

பிள்ளை பார்ப்பவர்களுக்கென்றே உள்ள பேபிஸ் டேஸ், ஃபேம்லி மாதிரியானவை. தேதியும் நேரமும் தானாகப் பதிவாகும், யாருடைய கணக்கிலிருந்து சம்மதம் வந்தது என்று தெரியும், கையெழுத்துப் புரியாத தொல்லை இல்லை. தினசரி டைரிக்கு ஏற்கெனவே ஆப் வைத்திருப்பவர் படிவத்தையும் அதிலேயே வாங்கட்டும். படிவத்துக்காக மட்டும் சந்தா கட்டுவது எனக்கு வீண் செலவாகப் படுகிறது. தனியாகப் பார்க்கும் ஒருவரிடம் எட்டு வயதுக்குட்பட்டவர்கள் பொதுவாக 6 பேருக்கு மேல் இருக்க முடியாது. அவர்களுக்கு ஒரு தடித்த ஃபைல் போதும். உதவியாளர் வைத்துப் பெரிதாக நடத்துபவர் கதை வேறு.

ஆப் வாங்கும் முன் ஒன்று கேளுங்கள்: சந்தாவை நிறுத்தினால் பதிவுகளை இறக்கி எடுத்துக்கொள்ள முடியுமா? பிள்ளை விலகிய பிறகும் நியாயமான காலத்துக்குப் பதிவுகளை வைத்திருக்க வேண்டியது நீங்கள்தான், ஆப் கம்பெனி அல்ல. பிள்ளைகளின் விவரத்தை டிஜிட்டலில் வைத்தால், போனில் எடுக்கும் படம் உட்பட, தகவல் பாதுகாப்பைக் கண்காணிக்கும் அமைப்பான ஐ.சி.ஓ.வில் பதிந்து ஆண்டுக் கட்டணம் கட்ட வேண்டும். சிறு தொழிலுக்கு அது 2025 முதல் 52 பவுண்டு.

வாட்ஸ்அப்

படிவம் என்று யாரும் இதைச் சொல்வதில்லை. ஆனால் பாதி சம்மதம் இதில்தான் வருகிறது. ‘இன்றைக்கு அம்மம்மா கூட்டிப்போவார்’ என்ற செய்திக்கு இதைவிட வசதியான வழி கிடையாது. சேர்த்து வைக்கும் இடமாக மட்டும் இதை நம்ப முடியாது: போன் தொலையும், மறையும் செய்தி அமைப்பை யாராவது போட்டு வைத்திருப்பார்கள், கட்டைவிரல் படத்துக்கு ‘பார்த்தேன்’ என்றும் பொருள், ‘சரி’ என்றும் பொருள்.

நடுப்பகலில் காய்ச்சல் வந்து, கையில் சீட்டு இல்லையென்றால், முழு வாக்கியமாக எழுதச் சொல்லுங்கள். எந்த மருந்து, எவ்வளவு, காலையில் எப்போது கொடுத்தார்கள் என்பது அதில் இருக்க வேண்டும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டு, மாலையில் வரும்போது சீட்டிலும் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

எந்த வழியானாலும் கையெழுத்துப் போடுகிறவருக்குப் ‘பெற்றோர் பொறுப்பு’, அதாவது பிள்ளைக்காக முடிவெடுக்கும் சட்ட உரிமை, இருக்க வேண்டும். தாய்க்கு அது தானாக உண்டு. தாயை மணந்திருக்கும் தந்தைக்கு உண்டு. மணக்காதவரானாலும் 2003 டிசம்பர் 1 முதல் பதிந்த பிறப்புச் சான்றிதழில் பெயர் இருந்தால் உண்டு. அம்மம்மா தினமும் கூட்டிவந்தாலும் அந்த உறவினால் மட்டும் அவருக்கு அது வராது. மருந்துச் சீட்டை அவர் கையில் கொடுத்தனுப்பலாம். கையெழுத்து மகளுடையதாக இருக்கட்டும்.