என் போனுக்கு நானே ஆண்ட்ராய்டு கம்பைல் செய்கிறேன்: மூன்று வருட அனுபவம்

போன் நன்றாகத்தான் இருந்தது. திரையில் கீறல் இல்லை, பேட்டரியும் ஒரு நாள் தாங்கியது. ஆனால் வாங்கி இரண்டே வருடத்தில் அப்டேட் வருவது நின்றுவிட்டது. தூக்கிப் போட மனசில்லாமல், தன்னார்வலர்கள் பராமரிக்கும் ஆண்ட்ராய்டு வடிவமான லினியேஜ்ஓஎஸ் போட்டுக்கொண்டேன். கொஞ்ச நாளில் அந்த மாடலைப் பராமரித்துவந்தவரும் வேறு போனுக்கு மாறிவிட்டார். சம்பளமில்லாத வேலை, அவரைக் குறை சொல்ல வாயில்லை. மூலநிரல் மட்டும் அப்படியே கிடந்தது. சரி, நாமே அதைக் கம்பைல் செய்து, அதாவது போனில் ஓடும் வடிவத்துக்கு மாற்றிப் பார்ப்போம் என்று இறங்கினேன்.

ஆண்ட்ராய்டு மூலநிரலைக் கம்பைல் செய்ய கூகுள் கேட்பது 64 ஜிபி ரேம், 400 ஜிபி இடம். நிரலை இறக்கவே 250, கம்பைல் செய்ய 150. என்னிடம் இருந்ததோ 16 ஜிபி ரேம். மூலநிரலை இறக்கும் ரெப்போ சின்க் கட்டளையைப் போட்டு, பழைய மாற்றங்களின் முழு வரலாறும் வேண்டாம் என்று ஆழத்தை 1 ஆக வைத்து இறக்கினேன். அதற்கே இரண்டு நாள். இரவு பில்டை (கம்பைல் வேலையை) ஓடவிட்டுப் படுத்தேன். காலையில் மின்விசிறிச் சத்தம் அடங்கியிருந்தபோதே சந்தேகம் வந்தது. திரையில் ‘கில்ட்’ என்ற ஒரு சொல், பக்கத்தில் 137 என்ற எண், அவ்வளவுதான். 137-ல் 128 போனால் 9. ஒன்பதாம் சிக்னல் என்றால் கட்டாய நிறுத்தம்; இங்கே பெரும்பாலும், ரேம் தீர்ந்துபோய் லினக்ஸ் கர்னலே (இயங்குதளத்தின் மையப்பகுதி) அந்த வேலையைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருக்கிறது என்று அர்த்தம். தின்றது யார் என்று தேடினால் மெட்டாலாவா என்ற, ஜாவா மேல் ஓடும் கருவி. ஏபிஐ (ஆப்கள் சிஸ்டத்தோடு பேசும் வழிகள்) விவரங்களைச் சரிபார்க்கிற அதற்கு மட்டும் பல ஜிபி வேண்டும். டிஸ்கில் 32 ஜிபியை ரேம் போலப் பயன்படும் ஸ்வாப்பாக ஒதுக்கி, ஒரே சமயத்தில் ஓடும் வேலைகளை நான்காகக் குறைத்தேன். பதினொரு மணி நேரம் கழித்து போனில் ஏற்றக்கூடிய ஒரு ஜிப் கோப்பு கையில் கிடைத்தது. பிறகு, ஏற்கெனவே கம்பைல் செய்ததைச் சேமித்துவைத்து மறுபடி பயன்படுத்தும் சிகேஷ் கருவியைப் போட்டதில் நேரம் குறைந்தது. ஆனால் அது சி, சி++ பகுதிக்குத்தான் உதவும், ஜாவா பக்கம் எட்டிப் பார்க்காது.

‘மூலநிரலிலிருந்தே கட்டிய போன்’ என்று நண்பர்களிடம் பீற்றிக்கொண்டாலும், கேமரா, மோடம், கைரேகை எல்லாவற்றுக்கும் நிறுவனம் கொடுத்த பைனரி கோப்புகள்தான். அவற்றுக்கு மூலநிரல் கிடையாது. பழைய சிஸ்டத்திலிருந்து பிரித்தெடுத்துச் சேர்க்க வேண்டும். நான் தவறான பதிப்பிலிருந்து எடுத்துவிட்டேன். கேமராவைத் திறந்தால் கறுப்புத் திரை. போனின் பதிவுகளைக் காட்டும் லாக்கேட்டில் பார்த்தால், ஒரு நிரல் நூலகம் தேடுகிற சிம்பல் (நிரலின் ஒரு பகுதிக்கான பெயர்) இல்லை என்று புலம்பிக்கொண்டிருந்தது. சரியான பதிப்பைத் தேடிப் பிடிக்க ஒரு வாரம் போனது.

நான் பட்ட பெரிய அடி கையொப்பச் சாவியில்தான். பில்ட் யாருடையது என்று போன் அடையாளம் காண்பது அதை வைத்துத்தான். ஒன்றும் செய்யாமல் பில்ட் போட்டால் டெஸ்ட்-கீஸ் என்ற சோதனைச் சாவிகள் கொண்டு கையொப்பமாகும். அந்தச் சாவிகள் மூலநிரலோடு சேர்ந்தே வருகின்றன, அதாவது உலகத்துக்கே தெரியும். அவற்றால் கையொப்பமிட்ட ஆப் எது வந்தாலும் சிஸ்டம் அதைத் தன் வீட்டுப் பிள்ளையாக நினைத்துக்கொள்ளும். சொந்தச் சாவி செய்துகொண்டேன். பழைய பில்டின் மேலேயே புதியதை ஃபிளாஷ் செய்தேன், அதாவது போனில் ஏற்றினேன். சாவி மாறியதால் போன் பூட் அனிமேஷனைத் தாண்டவில்லை. டேட்டா எல்லாவற்றையும் அழிக்க வேண்டியதாயிற்று. அதோடு புத்தி வந்ததா? இல்லை. சாவியை பில்ட் மிஷினிலேயே வைத்திருந்தேன், அடுத்த வருடம் அந்த டிஸ்க் செத்தது. மறுபடி புதுச் சாவி, மறுபடி டேட்டா காலி. இப்போது இரண்டு பென்டிரைவில், இரண்டு இடத்தில் வைத்திருக்கிறேன்.

அன்றாடப் பயன்பாட்டில் குறை அதிகமில்லை. தேவையில்லாத ஆப் எதுவும் இல்லாததால் போன் லேசாக ஓடுகிறது. பூட்லோடரின் (போனைத் தொடங்கிவைக்கும் நிரல்) பூட்டு திறந்திருப்பதால் ஒரு வங்கி ஆப் மட்டும் உள்ளே விடாது. அதை பிரௌசரில் பார்த்துக்கொள்கிறேன்.

ஆனால் செட்டிங்ஸில் பாதுகாப்பு பேட்ச் (திருத்தம்) தேதி இரண்டு தெரியும். ஆண்ட்ராய்டுக்கு உரியது இந்த மாதத் தேதி. வெண்டருக்கு, அதாவது நிறுவனத்தின் பைனரி கோப்புகளுக்கு, உரியது நிறுவனம் கைவிட்ட அந்த மாதத்திலேயே நிற்கிறது. நான் எத்தனை முறை கம்பைல் செய்தாலும் அது நகராது.

உங்கள் மாடலுக்கு அதிகாரப்பூர்வ பில்ட் வந்துகொண்டிருந்தால் அதையே போடுங்கள், இந்த வேலை வேண்டாம். கம்பைல் செய்வது ஒரு இரவோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு மாதாமாதம் சின்க், எங்கேயாவது ஒரு மெர்ஜ் மோதல் (என் மாற்றமும் புது நிரலும் ஒத்துப்போகாதது), ஒரு பில்ட் என்று போய்க்கொண்டே இருக்கும். என் போனின் கர்னல் 4.9. அதற்கான நீண்டகால ஆதரவு 2023 ஜனவரியில் முடிந்துவிட்டது. அதனால் புதிய கர்னல்களுக்கு வரும் திருத்தங்களில் எனக்குப் பொருந்துவதை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, பழைய நிரலுக்கு ஏற்ப வளைத்து ஒட்டுகிறேன். போன மாதம் ஒரு வைஃபை திருத்தத்துக்கு மட்டும் மூன்று மாலைகள் ஆயின. மாறியது பதினான்கே வரிகள்.