‘டாக்’ என்ற சொல்லை வைத்து ஓர் அகராதியை எடைபோடுதல்: எட்டிமான்லைன்

ஆங்கிலச் சொற்பிறப்பு அகராதி எதுவாயினும், அதில் முதலில் ‘டாக்’ என்ற சொல்லைத் தேடிப் பார்ப்பது நல்லது. நாயைக் குறிக்கும் இந்த எளிய சொல்லின் வேர் இன்றுவரை தெரியவில்லை. தெரியாத ஒன்றை எப்படி எழுதுகிறார்கள் என்பதில்தான் அகராதிக்காரர்களின் நேர்மை வெளிப்படும். அமெரிக்கரான டக்ளஸ் ஹார்ப்பர் உருவாக்கிய எட்டிமான்லைன் என்னும் இலவச இணைய அகராதி இந்தச் சோதனையில் சிறப்பாகவே தேறுகிறது. கவர்ச்சியான கதை எதையும் புனையாமல், தோற்றம் தெரியாத சொல் என்று அது வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது.

அதற்காக அந்தப் பதிவு வெறுமையானதன்று. பழைய ஆங்கிலத்தில் நாய்க்குரிய பொதுப்பெயர் ‘ஹுண்ட்’. ஜெர்மன், டச்சு மொழிகளில் இதன் இனச்சொற்கள் இன்றும் வழங்குகின்றன. லத்தீனின் ‘கானிஸ்’ வரை இதன் உறவு நீள்கிறது. அதே பழைய ஆங்கிலத்தில் மிக அரிதாகத் தலைகாட்டிய ‘டொகா’ என்ற சொல், முதலில் வலிமை மிக்க ஒருவகை நாயைக் குறித்து, 16ஆம் நூற்றாண்டுக்குள் எல்லா நாய்க்கும் பொதுப்பெயராகிவிட, முன்பிருந்த சொல் ‘ஹவுண்ட்’ என்ற வடிவில் வேட்டை நாயைக் குறிப்பதோடு நின்றுவிட்டது. பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் பெரிய நாய்களுக்கு வழங்கும் ‘டோக்’, ‘டோகே’ போன்ற பெயர்கள் ஆங்கிலத்திலிருந்து சென்றவை. ஒலி ஒத்திருப்பதால் அவற்றையே மூலம் என்று கொள்ள இடமில்லை.

ஒலி ஒப்புமையை நம்புவோருக்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது ஆஸ்திரேலியப் பழங்குடி மொழியான ம்பாபரம். அதிலும் நாய்க்கு ‘டாக்’ என்றுதான் பெயர். ஆனால் அது ‘குடகா’ போன்ற ஒரு முந்தைய வடிவம் படிப்படியாகத் தேய்ந்து உருவானது. ஆங்கிலச் சொல்லுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

விலங்கைத் தாண்டிய பொருள்களிலும் இந்தச் சொல் வளமானது. விடாமல் பின்தொடர்வதைக் குறிக்கும் வினைச்சொல்லாக அது 16ஆம் நூற்றாண்டிலேயே வழங்கியது. கடுங்கோடை நாட்களை நாயின் பெயரால் அழைக்கும் வழக்கம், நாய் விண்மீன் எனப்படும் சிரியஸ் சூரியனோடு உதிக்கும் பருவத்தை ஒட்டி லத்தீனில் வழங்கிய பெயரிலிருந்து வந்தது.

இந்த அகராதியில் தரப்படும் ஆண்டு, அந்தச் சொல் எழுத்தில் முதலில் கிடைத்த காலமே தவிர, பிறந்த காலமன்று. இதை மறந்தால் தவறான முடிவுக்கே வருவோம். பிறருடைய ஆய்வுகளைச் சுருக்கித் தரும் தொகுப்பு என்பதால், ஒவ்வொரு பொருளுக்கும் காலவரிசைப்படி மேற்கோள்களை வேண்டுவோர், 1928இல் முதற்பதிப்பு நிறைவுற்ற ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் கட்டண இணையப் பதிப்புக்குத்தான் போக வேண்டும். ஒரு சொல்லின் வரலாற்றைச் சில நிமிடங்களில் நம்பகமாக அறிய விரும்பும் மாணவருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் எட்டிமான்லைனையே நான் முதலில் பரிந்துரைப்பேன். ‘டாக்’ பதிவைப் படிப்பவர்கள் ‘ஹவுண்ட்’ பதிவையும் உடன் படிக்க வேண்டும். ஒன்று பரவியதும் மற்றது சுருங்கியதும் அப்போதுதான் முழுமையாக விளங்கும்.