கரண்ட் வந்ததும் பில் பக்கம் தானாக எழ வேண்டும்: சிஸ்டம்டி, சூப்பர்வைசர், பிஎம்2 ஒரு மதிப்பீடு

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையில் நிறுத்திய மின்சாரம் பிற்பகலில் திரும்பும்போது, கடலூர் மஞ்சக்குப்பத்து மருந்துக்கடையின் பில் பக்கமும் கூடவே எழுந்து நிற்க வேண்டும். புதுச்சேரி மிஷன் வீதித் துணிக்கடைக்கும், கடற்கரைப் பக்கத்துத் தங்கும் விடுதியின் அறைப் பதிவுக்கும், கடலூர் முதுநகர் ஐஸ் கம்பெனிக் கணக்குக்கும் இதேதான் தேவை. இங்கெல்லாம் வழக்கமாக மேசைக்கு அடியில் உபுண்டு லினக்ஸ் ஓடும் ஒரு கணினிப் பெட்டி, அதில் பைத்தானிலோ நோடிலோ எழுதிய ஒரு வெப் செயலி, அவ்வளவுதான். அந்தச் செயலியைப் பின்னணியில் விடாமல் ஓட்டுவதற்கு இருக்கும் கருவிகளைத்தான் இங்கே எடை போடுகிறோம்.

எடை போட மூன்று கேள்விகள். பெட்டி அணைந்து எழுந்தால் செயலியை யார் தொடங்குவார்கள்? நடுவில் செத்துப்போனால் யார் எழுப்புவார்கள்? சாகும்போது அது சொன்ன கடைசி வரி எங்கே இருக்கும்?

இன்றும் பலர் பிடித்துக்கொண்டிருப்பது நோஹப் என்ற கட்டளை. தொலைவிலிருந்து பெட்டிக்குள் நுழையும் எஸ்எஸ்எச் இணைப்பு அறுந்தால் வரும் ஹேங்அப் சிக்னலைச் செயலி கண்டுகொள்ளாமல் இருக்கச் செய்வது மட்டுமே அதன் வேலை. வெளியீடு நோஹப்.அவுட் என்ற கோப்பில் கணக்கில்லாமல் வளரும். செத்த செயலியை அது எழுப்பாது. பெட்டி ரீபூட் ஆனால் அதற்கு எதுவும் தெரியாது. இணைப்பு அறுந்தாலும் கட்டளைத் திரையை உயிரோடு வைத்திருக்கும் ஸ்க்ரீனும் டிமக்ஸும் அருமையான கருவிகள், ஆனால் அவை மனிதன் உட்கார்ந்து வேலை பார்ப்பதற்கானவை. கடையின் கல்லாவை அவற்றை நம்பி விடக் கூடாது.

லினக்ஸ் எழும்போது சேவைகளைத் தொடங்கிக் கண்காணிக்கும் சிஸ்டம்டிதான் எங்கள் தேர்வு. தனியாக நிறுவ வேண்டியதில்லை. 2015-இல் வந்த டெபியன் 8, உபுண்டு 15.04 முதல் அது இயல்பாகவே உள்ளே இருக்கிறது. காசும் இல்லை. இடிசி அடியில் சிஸ்டம்டி, அதன் அடியில் சிஸ்டம் என்ற கோப்புறையில், செயலியின் பெயரோடு சர்வீஸ் என்று முடியும் ஒரு கோப்பு வைக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு வரிகள் போதும். யூனிட், சர்வீஸ், இன்ஸ்டால் என்று மூன்று பிரிவுகள்.

அந்தப் பத்து வரிகளில்தான் எல்லாத் தவறும் நடக்கிறது. முதலில், எந்தக் கட்டளையை ஓட்டுவது என்று சொல்லும் எக்ஸெக்ஸ்டார்ட் வரி. இது நாம் கட்டளை தட்டும் ஷெல் கிடையாது. இரண்டு கட்டளைகளை ஆம்பர்சண்ட் போட்டுச் சேர்ப்பதோ பைப் போடுவதோ இங்கே செல்லாது. பைத்தான் நூலகங்களைத் தனியாக வைத்திருக்கும் விர்ச்சுவல் என்விரான்மென்டை ஆக்டிவேட் செய்யும் வரியும் வேண்டாம். அதிலுள்ள 'பின்' (bin) என்ற கோப்புறைக்குள் இருக்கும் ஜியுனிகார்ன் என்ற பைத்தான் வெப் சர்வரின் முழுப் பாதையைக் கொடுத்தாலே அது தன் நூலகங்களைக் கண்டுகொள்ளும். செயலியைப் பின்னணிக்குத் தள்ளிவிட்டுத் தான் முடிந்துபோகும் ஸ்டார்ட் ஸ்கிரிப்டை இங்கே கொடுத்தால், முதன்மைச் செயல் முடிந்துவிட்டது என்று எண்ணி, மிச்சமிருப்பதையும் சிஸ்டம்டி கொன்றுவிடும். செயலி முன்னணியிலேயே ஓடட்டும். பின்னணியில் வைத்துக்கொள்வது சிஸ்டம்டியின் பொறுப்பு.

யூசர் வரியில் எல்லா அதிகாரமும் உள்ள ரூட் வேண்டாம். தனிப் பயனர் ஒன்றை உருவாக்கி, 127.0.0.1 முகவரியில் 8000 போர்ட்டில் செயலியை வைத்து, அதற்கு முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரை நிற்க வையுங்கள். 1024-க்குக் கீழுள்ள போர்ட்டுக்காகச் செயலிக்கு ரூட் அதிகாரம் கொடுக்கும் பழக்கம் அத்தோடு ஒழியும்.

உங்கள் ஷெல் அமைப்புகள் இருக்கும் பாஷ் ஆர்சி கோப்பை சிஸ்டம்டி படிக்காது. கையால் ஓட்டினால் ஓடும் செயலி, சர்வீஸாக ஓட்டினால் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இல்லை என்று அழுவது இதனால்தான். என்விரான்மென்ட்ஃபைல் வரியில் ஒரு கோப்பைக் காட்டி, அதில் பெயர்=மதிப்பு என்று மட்டும் எழுதுங்கள்; முன்னால் எக்ஸ்போர்ட் என்ற சொல் இருக்கக் கூடாது. கோப்பின் அனுமதி 600. பைத்தான் என்றால் பைத்தான்அன்பஃபர்டு=1 என்பதையும் அதிலேயே சேருங்கள். இல்லையென்றால் பிரிண்ட் செய்த வரிகள் பஃபரில் தங்கி, செயலி செத்த பிறகு லாக் காலியாக இருக்கும்.

அடுத்தது ரீஸ்டார்ட். இந்த ஊர்களில் இதுதான் உயிர்நாடி. எதுவும் எழுதாவிட்டால் அதன் மதிப்பு 'நோ'. அதாவது செத்தால் செத்ததுதான். 'ஆன்-ஃபெயிலியர்' என்றால் பிழையோடு முடிந்தால் மட்டும் எழுப்பும், 'ஆல்வேஸ்' என்றால் எப்படி முடிந்தாலும் எழுப்பும். பில் பக்கத்துக்கு ஆல்வேஸ் போடுங்கள். நாமே ஸ்டாப் கொடுத்தால் அது எழாது, அந்தப் பயம் வேண்டாம்.

ஆனால் ஆல்வேஸ் போட்ட பிறகும் மின்தடைக்குப் பின் செயலி செத்தே கிடப்பது உண்டு. மின்சாரம் சட்டென்று போயிருந்தால், டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ் எழும்போது தன் ரெக்கவரியை முடிக்கச் சற்று நேரம் எடுக்கும். அதற்குள் செயலி டேட்டாபேஸைத் தேடி, கிடைக்காமல் விழும். மறுபடி எழுப்பும் முன் சிஸ்டம்டி காத்திருப்பது இயல்பாக 100 மில்லிசெகண்டுதான். 10 வினாடிக்குள் 5 முறைக்கு மேல் தொடங்க வேண்டி வந்தால், மிக வேகமாகத் திரும்பத் திரும்பத் தொடங்குகிறது என்று லாகில் எழுதிவிட்டு அது கையை விரித்துவிடும். ஒரு நிமிடம் கழித்து டேட்டாபேஸ் தயாராக இருக்கும், செயலியை எழுப்பத்தான் யாரும் இருக்க மாட்டார்கள். மருந்து ஒரே வரி: ரீஸ்டார்ட்செக்=5. அப்போது 10 வினாடியில் 5 என்ற எண்ணிக்கையை எட்டவே முடியாது. டேட்டாபேஸ் வரும்வரை ஐந்து வினாடிக்கு ஒருமுறை பொறுமையாக முயன்றுகொண்டே இருக்கும். ஆஃப்டர் வரியில் போஸ்ட்கிரெஸின் பெயரையும் போடுங்கள், ஆனால் அது வரிசையை மட்டும்தான் சொல்லும். அதை மட்டும் நம்பி ரீஸ்டார்ட்செக்கை விட்டுவிடாதீர்கள். ஸ்டார்ட்லிமிட் வரிகளை மாற்ற வேண்டியிருந்தால், அவற்றின் இடம் யூனிட் பிரிவு. பலர் சர்வீஸ் பிரிவில் எழுதிவிட்டு, வேலை செய்யவில்லை என்கிறார்கள்.

கோப்பைத் திருத்தியதும், சிஸ்டம்டி அதை மறுபடி படிக்க டீமன்-ரீலோட். பிறகு எனேபிள், ஸ்டார்ட் இரண்டும். ஸ்டார்ட் என்பது இந்த நேரத்துக்கு மட்டும், எனேபிள் என்பது அடுத்த பூட்டுக்கு. பக்கம் திறக்கிறதே என்று எனேபிளை மறந்து எழுந்து போவதுதான் எல்லாவற்றிலும் அதிகம் நடக்கும் பிழை. அது வெளியே தெரிவது அடுத்த மின்தடை அன்றுதான்.

லாக் விஷயத்தில் சிஸ்டம்டிக்கு முழு மதிப்பெண் தரலாம். ஜர்னல்சிடிஎல் கட்டளையில் யூனிட் பெயரை, அதாவது அந்த சர்வீஸ் கோப்பின் பெயரைக் கொடுத்தால் அந்தச் செயலியின் வரிகள் மட்டும் நேரத்தோடு வரும். முந்தைய பூட்டில் என்ன நடந்தது என்பதையும் பார்க்கலாம். அதற்கு வார் லாக் அடியில் ஜர்னல் என்ற கோப்புறை இருக்க வேண்டும், இல்லாத பெட்டியில் ரீபூட்டோடு எல்லாம் அழிந்துவிடும். சிஸ்டம்மேக்ஸ்யூஸ்=200எம் என்று வரம்பு வைத்துவிட்டால் டிஸ்க் நிரம்பும் கவலை இல்லை. ஸ்டேட்டஸில் வரும் எண்களும் நேராகப் பேசும். 203 என்றால் பாதை தவறு அல்லது இயக்கும் அனுமதி இல்லை. விண்டோஸில் எழுதிய ஸ்கிரிப்டின் வரி முடிவுகளாலும் இதே எண் வரும். 200 என்றால் வொர்க்கிங்டைரக்டரி இல்லை. 217 என்றால் அந்தப் பயனர் இல்லை.

குறையும் இருக்கிறது. செயலி உயிரோடு இருந்து பதில் மட்டும் சொல்லாமல் தொங்கினால் சிஸ்டம்டிக்குத் தெரியாது. வாட்ச்டாக் வசதி உண்டு, ஆனால் செயலியே அவ்வப்போது குரல் கொடுக்கும்படி எழுதப்பட்டிருக்க வேண்டும். நிமிடத்துக்கு ஒருமுறை கர்ல் கட்டளை கொண்டு பக்கத்தைத் தட்டிப் பார்த்து, பதில் இல்லையென்றால் ரீஸ்டார்ட் கொடுக்கும் ஒரு டைமர் யூனிட் எளிய மாற்று.

இரண்டு பழிகளை சிஸ்டம்டி மேல் போடக் கூடாது. ஜிஎஸ்டி அறிக்கை எடுக்கும்போது மட்டும் என்ஜின்எக்ஸின் 502 பிழை வந்தால், அது ஜியுனிகார்னின் 30 வினாடி டைம்அவுட். அதை 120 ஆக்கினால், என்ஜின்எக்ஸின் 60 வினாடி ரீட் டைம்அவுட்டையும் உயர்த்த வேண்டும். இல்லையென்றால் 502 போய், நேரம் கடந்தது என்ற 504 வரும். இன்னொன்று மெமரி. கோர் எண்ணிக்கையை இரட்டித்து ஒன்று கூட்டு என்ற சூத்திரப்படி 2 கோருக்கு 5 வொர்க்கர், அதாவது கோரிக்கைகளைக் கவனிக்கும் ஜியுனிகார்ன் பிரதிகள், வருகிறது. 2 ஜிபி பெட்டியில் டேட்டாபேஸும் சேர்ந்து இருந்தால் அது நெருக்கடி. ஒரு கடைக்கு 3 போதும்.

சூப்பர்வைசர் பைத்தானில் எழுதப்பட்ட பழைய, நம்பகமான கருவி. லாகை 50 எம்பி எட்டியதும் மாற்றிப் பத்துப் பிரதிகள் வைத்துக்கொள்ளும் வசதி இயல்பாகவே உண்டு, அது நல்ல விஷயம். ஆனால் தொடக்கத்தில் தோற்றால் 3 முறை முயன்றுவிட்டு ஃபேட்டல் நிலைக்குப் போய் அங்கேயே நின்றுவிடும். மேலே சொன்ன ரெக்கவரிச் சிக்கலில், ரீஸ்டார்ட்செக் போட்ட சிஸ்டம்டியைப் போல இது விடாமல் முயலாது; முயற்சி எண்ணிக்கையான ஸ்டார்ட்ரீட்ரைஸை உயர்த்தியே ஆக வேண்டும். அதோடு, பூட்டில் சூப்பர்வைசரைத் தொடங்கி வைப்பதே சிஸ்டம்டிதான். புதிதாக அமைப்பவர்களுக்கு இந்த இரட்டை அடுக்கு தேவையில்லை.

பிஎம்2 நோடுக்காரர்களின் செல்லம். பல கோர்களில் பிரதிகளை ஓட்டும் கிளஸ்டர் முறையும், கடை நடக்கும்போதே நிற்காமல் புதிய பதிப்புக்கு மாறும் ரீலோடும் உண்மையிலேயே நன்றாக இருக்கின்றன. இங்கே கவனிக்க வேண்டியவை மூன்று. ஸ்டார்ட்அப் கட்டளை தானாக எதையும் அமைக்காமல் சூடோவில் தொடங்கும் ஒரு வரியைத் திரையில் காட்டும். அதை நகலெடுத்து ஓட்ட வேண்டும். பிறகு சேவ் கொடுக்காவிட்டால் பூட்டில் பிஎம்2 எழும், செயலி எழாது. பதிப்பு மாற்றும் கருவியான என்விஎம் வழியாக நோடு பதிப்பை மாற்றினால் பழைய பாதை உடைந்துவிடும். அன்ஸ்டார்ட்அப், ஸ்டார்ட்அப் இரண்டையும் மறுபடி செய்ய வேண்டும். லாகைத் தானாக வெட்டாது என்பதால் லாக்ரொட்டேட் மாட்யூலையும் சேர்த்தே நிறுவுங்கள். நோடு செயலி, அடிக்கடி புதுப்பிப்பு என்றால் பிஎம்2 எடுக்கலாம்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் பெட்டியே எழாவிட்டால் பயனில்லை. பெட்டியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில், மின்சாரம் திரும்பினால் என்ன செய்வது என்ற அமைப்பை பவர் ஆன் என்று மாற்றுங்கள். பல பெட்டிகளில் அது அணைந்தே இரு என்ற நிலையில் இருக்கிறது. மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருந்தால் இந்த அமைப்பும் மறந்துபோகும், கடிகாரமும் பின்னால் போகும். கடிகாரம் தவறினால் சான்றிதழ் சோதனை தோற்று, பணப் பரிமாற்ற இணைப்புகள் நிற்கும்.

2011 டிசம்பர் 30-இல் தானே, 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் என்று புயல்கள் கரையேறிய பகுதி இது. நீண்ட மின்தடையில் சிறிய யுபிஎஸ் சில நிமிடங்களே தாங்கும். அந்த நிமிடங்களைப் பெட்டியை ஒழுங்காக அணைக்கவே பயன்படுத்த வேண்டும். அணைக்கும்போது செயலி அடங்குவதற்கு சிஸ்டம்டி இயல்பாக 90 வினாடி வரை காத்திருக்கும். பிடிவாதமான ஒரு செயலி அத்தனை நேரத்தையும் தின்றுவிடும். டைம்அவுட்ஸ்டாப்செக்=20 போடுங்கள்.

அமைத்து முடித்ததும் வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் சோதியுங்கள். புதுச்சேரியில் ஞாயிறு சந்தை நடக்கும் மகாத்மா காந்தி ரோட்டுப் பக்கக் கடை என்றால் ஞாயிறு வேண்டாம். பழைய நோஹப் பிரதி இன்னும் ஓடுகிறதா என்று எஸ்எஸ் கட்டளையில் 8000 போர்ட்டைப் பாருங்கள். அது பிடித்துக்கொண்டிருந்தால், முகவரி பயன்பாட்டில் இருக்கிறது என்ற பிழையோடு புதிய சர்வீஸ் விழுந்துகொண்டே இருக்கும். முதன்மைச் செயலை கில் -9 கொடுத்துக் கொல்லுங்கள். ஐந்தாறு வினாடியில் பக்கம் திறக்க வேண்டும். டேட்டாபேஸை மட்டும் நிறுத்தி, ஒரு நிமிடம் விட்டு, மறுபடி தொடங்குங்கள். யாரும் தொடாமல் பில் போட முடிய வேண்டும். பிறகு பேக்கப் எடுத்துவிட்டு, பெட்டியை ஷட்டவுன் செய்யாமல் சுவரில் உள்ள சுவிட்சை அணைத்துப் போடுங்கள். கீபோர்டைத் தொடாமல், கல்லாவில் இருப்பவரின் செல்போனில் பில் பக்கம் திறந்தால், அமைத்தவர் வீட்டுக்குப் போகலாம்.