பழைய காருக்கு ஹெட்லைட் பஸர்: கதவு ஒயர் உள்ளதை மட்டும் வாங்குங்கள்

லைட்டை அணைக்காமல் இறங்கினால் சத்தம் போடும் பஸர் ஒன்றைப் பழைய காருக்கு வாங்கப் போகிறீர்கள் என்றால், கதவு சுவிட்சுக்கு, அதாவது கதவைத் திறந்தால் உள் விளக்கைப் போடும் சுவிட்சுக்கு, போகும் ஒயர் அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் வாங்கலாம், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். என் காரில் இரண்டு வகையையும் மாட்டிப் பார்த்துவிட்டேன். முதலில் இரண்டே ஒயர் உள்ள சின்ன பஸர், அதைக் கழற்றிவிட்டு மூன்று ஒயர் உள்ள ஒரு பெட்டி. இப்போது இருப்பது இந்த இரண்டாவது, இதை இனிமேல் கழற்றுகிற எண்ணம் இல்லை.

புதிய கார்களில் சாவியை எடுத்துவிட்டுக் கதவைத் திறந்ததும் பீப் சத்தம் வரும், அல்லது லைட் தானாகவே அணைந்துவிடும். பழைய கார்கள் பலவற்றில் இந்த இரண்டுமே கிடையாது. லைட் சுவிட்சுக்கு பேட்டரியிலிருந்து நேராகவே மின்சாரம் போவதால், சாவி உங்கள் பாக்கெட்டில் இருந்தாலும் லைட் எரிந்துகொண்டேதான் இருக்கும். இரவில் மறப்பது குறைவு, எதிரே சுவரிலோ தரையிலோ வெளிச்சம் விழுவது தெரிந்துவிடும். பகலில்தான் ஆபத்து. மழைக்காகவோ மூடுபனிக்காகவோ சுரங்கப்பாதைக்காகவோ போட்ட லைட், நல்ல வெயிலில் வண்டியை நிறுத்தும்போது எரிவதே தெரியாது, டேஷ்போர்டில் இருக்கும் சின்ன பச்சை விளக்கும் அந்த வெளிச்சத்தில் கண்ணில் படாது.

என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாதாரண ஹாலஜன் பல்ப் ஒன்றுக்கு 55 வாட், இரண்டுக்கு 110. பின்னால் டெயில் லைட், முன்னால் பார்க்கிங் லைட், நம்பர் பிளேட் விளக்கு எல்லாம் சேர்ந்து இன்னும் 25 வாட் போல வரும். 12 வோல்ட்டில் இது கிட்டத்தட்ட 11 ஆம்பியர். பேட்டரி 45 ஆம்பியர் ஹவர் என்று எழுதியிருந்தால் காகிதத்தில் 4 மணி நேரம், ஆனால் ஸ்டார்டர் மோட்டார் சுற்றாமல் போவதற்கு பேட்டரி முழுவதும் காலியாக வேண்டியதில்லை, பழைய பேட்டரி என்றால் அதில் பாதி நேரத்திலேயே கையை விரித்துவிடும். தள்ளி ஸ்டார்ட் செய்துவிடலாம், சரி, ஆனால் இழப்பு அதோடு முடிவதில்லை. கார் பேட்டரியின் உள்ளே இருக்கும் தகடுகள், ஒரு சில நொடி பெரிய கரன்ட் கொடுத்துவிட்டு உடனே சார்ஜ் ஏற்றிக்கொள்வதற்காக மெல்லியதாகச் செய்யப்பட்டவை. அடியோடு காலியாகும் ஒவ்வொரு முறையும் அவற்றின் ஆயுளில் ஒரு பகுதி திரும்ப வராமல் போகிறது. காலியான நிலையிலேயே சில நாள் விட்டுவிட்டால் சல்ஃபேட் கெட்டியாகப் படிந்து, அப்புறம் சார்ஜ் ஏறுவதே கஷ்டம்.

இரண்டு ஒயர் பஸர் வேலை செய்யும் விதம் எளிமையானது, எனக்கு அது பிடித்தும் இருந்தது. பாசிட்டிவ் ஒயரை டெயில் லைட் லைனில் கொடுக்க வேண்டும், நெகட்டிவ் ஒயரை எர்த்தில், அதாவது பேட்டரியின் நெகட்டிவோடு இணைந்த வண்டியின் இரும்பு பாடியில், கொடுக்காமல், சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் ஒரு லைனில் கொடுக்க வேண்டும். சாவி ஆனில் இருக்கும்போது இரண்டு பக்கமும் 12 வோல்ட், அதனால் பஸருக்குள் கரன்ட் ஓடாது. சாவியை எடுத்ததும் அந்த லைன் செத்துவிடும், அதோடு இணைந்திருக்கும் ஃபேன் மோட்டார் மாதிரியான சாமான்கள் வழியாக பஸருக்கு எர்த் கிடைக்கும், லைட் எரிந்தால் கத்தும். ரிலே என்ற மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச் வேண்டாம், துளை போட வேண்டாம். சிக்கல் என்னவென்றால், வண்டியை நிறுத்தி உள்ளே உட்கார்ந்துகொண்டு வேண்டுமென்றே பார்க்கிங் லைட்டைப் போட்டு வைத்தாலும் இது விடாமல் கத்தும். லைட் போட்டபடி ஸ்டார்ட் செய்யும்போதும், ரேடியோ மாதிரியான சாமான்களுக்குப் போகும் ஆக்சஸரி லைனில் கொடுத்திருந்தால், அந்த லைன் ஒரு நொடி துண்டிக்கப்படுவதால் ஒரு கீச்சென்ற சத்தம் வரும். தேவையில்லாத நேரத்தில் கத்துகிற பஸரை யாரும் அதிக நாள் வைத்திருக்க மாட்டார்கள், ஒரு நாள் ஒயரைப் பிடுங்கிவிடுவார்கள், பிடுங்கிய பிறகு அது யாரையும் காப்பாற்றாது.

மூன்று ஒயர் பெட்டி இதையெல்லாம் சரி செய்துவிடுகிறது. லைட் எரிய வேண்டும், சாவி ஆஃபில் இருக்க வேண்டும், கதவு திறக்க வேண்டும், மூன்றும் ஒன்றாக நடந்தால்தான் சத்தம். கதவைத் திறக்கும் நொடியில், கால் இன்னும் வெளியே போகாதபோதே கேட்டுவிடுகிறது, ஒரு எச்சரிக்கை வர வேண்டிய சரியான நேரம் அதுதான். மாட்டியதிலிருந்து தப்பாக ஒரு தடவைகூடக் கத்தவில்லை.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. லைட்டுக்கான ஒயரை ஹெட்லைட் பல்பிலிருந்து எடுக்காதீர்கள். ஜப்பானிய கார்கள் பலவற்றில் ஹெட்லைட்டுக்கு சுவிட்ச் எர்த் பக்கத்தில் இருக்கும், அங்கே கை வைத்தால் எல்லாம் தலைகீழாகிவிடும். டெயில் லைட் லைனிலிருந்து எடுத்தால் வம்பில்லை, ஹெட்லைட் போட்டாலும் பார்க்கிங் லைட் மட்டும் போட்டாலும் அது உயிரோடு இருக்கும், ஃபியூஸ் பாக்ஸில் பெரும்பாலும் டெயில் என்றே எழுதியிருக்கும். சாவி ஒயருக்கு ரேடியோ ஃபியூஸ் நல்லது, இக்னிஷன் காயில் பக்கம் போகவே வேண்டாம். கதவு ஒயர்தான் கொஞ்சம் தேடல். கதவு திறக்கும்போது அந்த ஒயர் எர்த் ஆகிறதா என்று டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், சில வண்டிகளில் கதவு சுவிட்ச் பாசிட்டிவ் பக்கத்தில் இருக்கும், அதற்கு இந்தப் பெட்டி சரிப்படாது. கதவு மூடியிருக்கும்போது உள் விளக்கின் பல்ப் வழியாக அந்த ஒயரில் 12 வோல்ட் நிற்கும், அது பஸருக்குள் எதிர்த்திசையில் புகுந்து டெயில் பல்ப் வழியாக எர்த்துக்குப் போகப் பார்க்கும், அதனால் கரன்ட்டை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு டையோடு உள்ளே கட்டாயம் வேண்டும். நான் வாங்கியதில் இருந்தது. நீங்களே ரிலே வைத்துச் செய்வதாக இருந்தால் பஸருக்கு வரிசையாக ஒரு 1என்4007 டையோடு போட்டுவிடுங்கள்.

குறைகளும் உண்டு. ஒயர்களை இணைக்கக் கூடவே வரும் அமுக்கு கிளிப்புகளைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், உள்ளே இருக்கும் தகடு பழைய ஒயரின் இழைகளை அறுத்துவிடுகிறது, நாளடைவில் ஈரம் புகுந்து பச்சை பூக்கும். ஃபியூஸிலிருந்து கிளை எடுக்கும் அடாப்டர் போடுங்கள், இல்லையென்றால் சால்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் குழாய் மாட்டுங்கள். பஸர் குடிக்கும் கரன்ட் சில பத்து மில்லி ஆம்பியர்தான் என்றாலும், உரசித் தேய்ந்த ஒயர் பாடியில் பட்டால் அது பஸரின் கணக்கைப் பார்க்காது, 1 ஆம்பியர் ஃபியூஸ் அவசியம். இன்னொன்று சத்தத்தின் தன்மை. இது பீசோ வகை, 3 கிலோ ஹெர்ட்ஸ் பக்கமாக மெல்லிய கூர்மையான ஒலி. வயதானவர்களுக்கு உயர்ந்த சுருதிதான் முதலில் காதில் மங்கும், என் அப்பாவுக்கு இது சரியாகக் கேட்கவில்லை. அவர் ஓட்டும் வண்டிக்கு என்றால் தாழ்ந்த குரலில் உறுமும் காந்தச் சுருள் பஸரைத்தான் தேடுவேன்.

பஸர் எதற்கு, சாவியோடு லைட்டையே அணைக்கும் ரிலே போடலாமே என்று மெக்கானிக் கேட்டார். நியாயமான கேள்விதான், ஆனால் அந்த ரிலே ஹெட்லைட்டின் மின்சாரத்தின் நடுவில் உட்காருகிறது, இரவில் வேகமாகப் போகும்போது அது பழுதானால் முன்னால் ஒரே இருட்டு. பஸர் பழுதானால் சத்தம் வராது, அவ்வளவுதான், லைட்டுக்கு ஒன்றும் ஆகாது. வண்டி வழியில் நின்றுபோனால் என்ஜின் இல்லாமல் லைட் மட்டும் எரிய வேண்டிய நேரமும் வரும், அதைத் தடுக்கிற எதையும் என் காரில் வைக்க மாட்டேன்.