பழைய லாரியில் ஆயில் கசிவு: மருந்தா, பேக்கிங்கா, பின் சீலா?

என்ஜினுக்கு அடியில் ஆயில் சொட்ட ஆரம்பித்தால் நாலு வழி இருக்கிறது. குறையக் குறைய ஊற்றிக்கொண்டு ஓட்டலாம். கசிவை நிறுத்தும் என்று விற்கிற மருந்தை ஆயிலில் கலக்கலாம். இரண்டு பாகம் சேருகிற இடத்தில் வைக்கிற பேக்கிங்கை மாற்றலாம். கியர்பாக்ஸை இறக்கி, என்ஜினின் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில் ஆயிலைத் தடுக்கிற பின் ஆயில் சீலை மாற்றலாம். நாலுமே ஏதோ ஓர் இடத்தில் சரியான வழிதான். ஆனால் எங்கே கசிகிறது என்று தெரியாமல் வழியைத் தேர்ந்தெடுத்தால் பணம் வீண். அதிகம் வீணாவது பின் சீல் விஷயத்தில்.

ஆயில் கீழே வழியும், வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னுக்கும் தள்ளும். என்ஜினின் மேல் மூடியான டேப்பட் கவரின் பின்மூலையில் கசிகிற ஆயில் என்ஜினின் முதுகில் இறங்கி, என்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கிற பெல் ஹவுசிங்கின் அடியில் சொட்டும். பின் சீல் போனாலும் சொட்டுவது அதே இடத்தில்தான். கீழே படுத்துப் பார்த்தவர் உடனே “சீல் போச்சு” என்கிறார். கியர்பாக்ஸ் இறங்குகிறது, புது சீல் ஏறுகிறது, கசிவு மட்டும் அப்படியே இருக்கிறது. அதனால் தேடல் எப்போதும் மேலிருந்து தொடங்க வேண்டும். ஈரமாக இருக்கிற இடங்களில் எது எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறதோ, அதற்குத்தான் முதல் சந்தேகம்.

தேடுவதற்கும் போட்டி முறைகள் உண்டு. என்ஜினை நன்றாகக் கழுவி, காயவைத்து, சந்தேகமான இடங்களில் முகப்பவுடரைத் தூவி, கொஞ்ச நேரம் ஓடவிட்டால் ஆயில் வந்த வழி கறுப்புக் கோடாகத் தெரியும். செலவு கிட்டத்தட்ட இல்லை. டேப்பட் கவர், அடியில் ஆயில் தேங்குகிற சம்ப்பின் பக்கவாட்டு மாதிரி கண்ணுக்குத் தெரிகிற இடங்களுக்கு இதுவே போதும். ஃபேன் காற்று படுகிற முன்பக்கத்தில் பவுடர் நிற்காது, என்ஜினின் பின்புறத்தில் அது தெரியவும் தெரியாது.

அங்கேதான் புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயம் ஜெயிக்கிறது. என்ஜின் ஆயிலுக்கென்று உள்ள சாயத்தைப் புட்டியில் சொன்ன அளவு கலந்து, என்ஜின் சூடாகும்வரை ஓட்டிவிட்டு, இருட்டில் அந்த விளக்கை அடித்தால் புதிதாகக் கசிந்த ஆயில் பச்சை மஞ்சளாக மின்னும். பல வருட அழுக்கு படிந்த என்ஜினுக்கு இதைவிட நல்ல முறை இல்லை என்பேன். பழைய ஆயில் பிசுக்கு மின்னாது, சாயம் கலந்த பிறகு வெளியே வந்தது மட்டும்தான் மின்னும். கை நுழையாத இடத்துக்கு ஒரு சின்னக் கண்ணாடியோ போன் கேமராவோ போதும். கம்ப்ரஸர் காற்றை நேராக என்ஜினுக்குள் விட்டுச் சோதிக்கிறவர்களும் உண்டு. அதை மட்டும் செய்யாதீர்கள். அந்த அழுத்தம் நல்ல சீலையும் பிதுக்கி வெளியே தள்ளிவிடும்.

எப்போது கசிகிறது என்பதும் பெரிய துப்பு. நிறுத்திவைத்த வண்டி இரவு முழுக்கச் சொட்டினால் சம்ப் பேக்கிங்கையும் வடிகால் போல்ட்டின் வாஷரையும் பாருங்கள். என்ஜின் ஓடும்போது மட்டும் வேகமாக வந்தால் அது அழுத்தத்தில் இருக்கிற ஆயில். பிரஷர் சுவிட்ச், ஆயில் ஃபில்டர், கூலர் குழாய், டர்போவுக்குப் போகிற குழாய் என்று பாருங்கள். ஃபில்டர் மாற்றும்போது பழைய ரப்பர் வளையம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு, அதன்மேல் புதியது ஏறியிருந்தாலும் இப்படித்தான் வரும். இந்த ரகக் கசிவில் ஊற்றிக்கொண்டு ஓட்டுகிற பேச்சே கூடாது. கொஞ்ச நேரத்தில் ஆயில் முழுவதும் போய் என்ஜின் இறுகிப் பிடித்து நின்றுவிடும்.

மருந்து, பேக்கிங், சீல் எதையும் வாங்குவதற்கு முன்னால், என்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடுகிற பிரீதரைப் பாருங்கள். பிஸ்டன் ரிங் தேய்ந்த என்ஜினில் எரிந்த வாயு, கிராங்க் ஷாஃப்ட் இருக்கிற கிராங்க் கேஸுக்குள் இறங்கும். அது வெளியேறும் குழாயோ வால்வோ அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, பலவீனமான இடத்தில் எல்லாம் ஆயிலைத் தள்ளும். இந்த நிலையில் மாட்டுகிற புது சீலும் கசியும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி வாய்மேல் சும்மா வையுங்கள். லேசாக ஆடினால் பயமில்லை, தூக்கியெறிந்தால் உள்ளே அழுத்தம் அதிகம். அடைப்பை எடுத்தாலே நின்றுபோகிற கசிவுகள் உண்டு.

சரி, இப்போது மருந்து. வெப்பத்தில் இறுகிய ரப்பரை மென்மையாக்கி லேசாக உப்ப வைப்பதுதான் இந்த மருந்துகளில் பெரும்பாலானவற்றின் வேலை. ஆகவே இறுகிப்போன பின் சீல் மெதுவாகக் கசிந்தால், கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன் ஒருமுறை முயன்று பார்ப்பது நியாயம். கிழிந்த பேக்கிங், கார்க், தளர்ந்த போல்ட், தேய்ந்த ஷாஃப்ட் எதையும் அது தொடாது. அங்கே ஊற்றுவது வீண்தான்.

டேப்பட் கவர், சம்ப் கசிவுக்கு என் தேர்வு பேக்கிங் மாற்றுவதுதான். போல்ட்டை இறுக்கி நிறுத்தப் பார்ப்பவர்கள் அதிகம். தளர்ந்திருந்தால் லேசாக இறுக்கலாம், அதற்கு மேல் போனால் கார்க் பிதுங்கிப் பிளக்கும், தகட்டுக் கவர் போல்ட் ஓட்டையைச் சுற்றிக் குழிந்துவிடும். குழிந்த கவரில் எந்தப் பேக்கிங் போட்டாலும் கசியும். கழற்றியதும் நேரான பட்டையை வைத்துப் பார்த்து, மரக்கட்டையின் மேல் வைத்து மெல்லத் தட்டிச் சமப்படுத்துங்கள்.

கார்க் மலிவு, மேடுபள்ளத்தையும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். ஆனால் சூட்டில் சுருங்கும், பிறகு மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். அச்சில் வார்த்த ரப்பர் விலை கூடினாலும் நீண்ட நாள் வரும், கிடைத்தால் அதையே வாங்குங்கள். சிலிக்கான் பேஸ்ட்டை மூலைகளிலும் இரண்டு பாகம் சேருகிற இடத்திலும் ஒரு துளி வைத்தால் போதும். சுற்றிலும் அப்பினால் உள்பக்கம் பிதுங்கியது பிய்ந்து விழுந்து, ஆயில் பம்ப் உறிஞ்சும் சல்லடையை அடைக்கும்.

பின் சீல்தான் என்று உறுதியானால், அது இரண்டு துண்டா ஒரே வளையமா என்று முதலில் கேளுங்கள். இரண்டு துண்டு என்றால் பெரும்பாலும் சம்ப்பையும் பின் பேரிங் மூடியையும் கழற்றினாலே மாற்றிவிடலாம், கியர்பாக்ஸ் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். செவ்ரோலெட்டின் சின்ன வி8 என்ஜின்கள் 1985 வரை இப்படித்தான், 1986 முதல் ஒரே வளையம். ஒரே வளையம் என்றால் கியர்பாக்ஸ், கிளட்ச், ஃப்ளைவீல் எல்லாம் இறங்கியாக வேண்டும். சீலின் உதடு உரசிய இடத்தில் ஷாஃப்ட்டில் நகம் மாட்டுகிற அளவு பள்ளம் இருந்தால் புது சீல் தாங்காது. அதன்மேல் மெல்லிய எஃகு உறை போடலாம், அல்லது இடம் இருந்தால் சீலைச் சற்றுத் தள்ளிப் பதிக்கலாம். சாதாரண ரப்பர் உதட்டுக்கு ஆயில் தடவி மாட்டுவார்கள், டெஃப்லான் சீலைப் பொதுவாக உலர்வாகவே மாட்ட வேண்டும். கிளட்ச் பிளேட்டில் ஆயில் ஏறியிருந்தால் அதையும் அப்போதே மாற்றிவிடுங்கள், இன்னொரு முறை கியர்பாக்ஸை இறக்க யாருக்கும் மனசு வராது.